ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் – அத்தியாயம் 11: மணி அடிக்காத வெள்ளி

பெரிய வெள்ளியன்று கோவில் மணி அடிக்காது. இது சுதர்ஷிகாவுக்கும் தெரியும், மெல்ரோய்க்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். பெரிய வியாழன் மாலைப் பூசையில் ஒருதரம் அடித்து ஓய்ந்தால், பிறகு சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் மணியின் சத்தம் கேட்கும். இவ்வளவும் தெரிந்த இரண்டு பேர் எப்படி இந்த விஷயத்தில் கோட்டை விட்டார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சுதர்ஷிகாவின் கணவன் மெல்ரோய் திருகோணமலை உட்துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். தை மாதம் ஒரு மத்தியானம், மாமனார் பற்றிக்கின் ஓட்டோவில் கண்டி வீதியால் வந்துகொண்டிருந்தபோது, கப்பல்துறைக்குக் கிட்ட பற்றிக் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டார். ஓட்டோ கவிழ்ந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மெல்ரோயின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கி, நாலு சென்ரிமீற்றர் எலும்பு இல்லாமலே போய்விட்டது.

இப்போது அந்தக் காலைச் சுற்றி மூன்று உலோக வளையங்கள். வளையங்களிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போகின்றன. ஆஸ்பத்திரியில் அதைப் பிக்சேற்றர் என்பார்கள், வீட்டில் அதற்குப் பெயர் 'கூடு'. வளையங்களைத் தொடுக்கும் நாலு தண்டுகளிலும் நாலு நட். ஒவ்வொரு நட்டையும் கால்வாசிச் சுற்று, ஒரு நாளைக்கு நாலு தடவை திருப்ப வேண்டும். திருப்பினால் டொக்டர் வெட்டிவிட்ட எலும்புத் துண்டு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் நகரும், நகர்ந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்படி நாற்பது நாள் திருப்ப வேண்டும். பெரிய வெள்ளி இருபத்துமூன்றாம் நாள்.

தொடக்கத்தில் கைபேசியில் அலாரம் வைத்துத்தான் திருப்பினார்கள். ஆனால் அது அலறியவுடனேயே மெல்ரோயின் உடம்பு இறுகிவிடும், நட்டைத் தொட முன்னமே நோவு வந்துவிடும். சுதர்ஷிகாதான் வழி கண்டுபிடித்தாள். காலை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று கோவிலில் திருந்தாதி மணி அடிக்கிறதே, அதுதான் கணக்கு. மணி கேட்டதும் மூன்று அருள் நிறைந்த மந்திரம், அது முடிந்ததும் ஸ்பனர். நாலாவது தடவை இரவுச் செபமாலை முடிந்த பிறகு. செபத்தில் உடம்பு தளர்ந்திருக்கும்போது நோவும் குறைவாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு சங்கடம். அந்த மணியை அடிக்கிற சங்கிலித்தாம் வேறு யாருமில்லை, பற்றிக்தான். கோவிலைக் கூட்டுவது, மெழுகுதிரி கொளுத்துவது, மணிக்கயிறு இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "இனி எங்கட வீட்டுப் படி மிதிக்காதேங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டாள் சுதர்ஷிகா. அதன்பிறகு அவரோடு அவள் பேசியது ஒரே ஒரு தடவை. நட் திருப்பத் தொடங்கிய வாரம் கோவில் முற்றத்தில் நின்று சொன்னாள்.

"உங்கட மணியிலதான் அவற்ற கால் வளருது. ஒரு நிமிசமும் பிந்தாதேங்கோ."

பற்றிக் பிந்தவில்லை. அதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் பிந்தி அடித்து ஃபாதரிடம் ஏச்சு வாங்குகிற மனிதர், இப்போது கால் மணி நேரம் முன்னமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று ஊரே பகிடி பண்ணியது.

போன வாரம் நாம் பார்த்தது பெரிய வியாழன். மாலை ஆறு மணிக்கு சுதர்ஷிகா பாதம் கழுவும் பூசையில் இருந்தாள். வீட்டில் மெல்ரோய் திருந்தாதி மணிக்காகக் காத்திருந்து, பூசை மணி அடிக்க முன்னமே நித்திரையாகிவிட்டான். அவள் ஆராதனை முடிந்து வந்து படுத்ததால் இரவு செபமாலையும் இல்லை. விடிந்தது வெள்ளி.

காலையில் சுதர்ஷிகா வழமைபோல உப்புத்தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவிட்டாள். கோஸ் துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு துளைக்கு ஒரு துண்டாக, கம்பி தோலுக்குள் இறங்கும் பன்னிரண்டு இடங்களையும் துடைத்தாள். சிவப்பு இருக்கிறதா, நீர் வடிகிறதா, மணக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் வடிவா இருக்கு."

"காலே வடிவா இருக்கு எண்டு சொல்லுறீரோ?"

"உங்கட காலை ஆர் சொன்னது? துளையைச் சொன்னனான்."

மெல்ரோய் சிரித்தான். பிறகு ஆரம்பித்தான்.

"நீர் சிலுவைப்பாதைக்குப் போம் சுதா. மூண்டு மாசமா இந்தக் கூட்டுக்குக் காவல் இருக்கிறீர். உம்மை விட்டா ஒப்பாரி பாட அங்க ஆர் இருக்கினம்?"

"கஜந்தி பாடுவா."

"கஜந்தி பாடினா சனம் அழாது, சிரிக்கும். போம். மூண்டு மணி வழிபாட்டுக்கும் நிண்டு சிலுவையை முத்தி செய்துபோட்டு வாரும்."

"நீங்கள் தனிய..."

"நான் என்ன, எழும்பி ஓடியா போகப்போறன்?"

அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து காஸ் அடுப்பைப் பார்த்தாள். மறுபடி போய், மறுபடி வந்து குசினிக் குழாயைப் பார்த்தாள். "எதையோ மறந்தமாதிரி இருக்கு" என்றாள். மெல்ரோய்க்கும் அப்படித்தான் இருந்தது. மணி அடிக்காத காலையில், மணி கேட்டுப் பழகிய இரண்டு பேருக்கும் கை எழவில்லை.

பத்தரைக்குச் சிலுவைப்பாதை அவர்கள் ஒழுங்கையால் போனது. சனத்தின் முணுமுணுப்புக்கு மேலே சுதர்ஷிகாவின் குரல் கேட்டது. மகனை மடியில் வைத்துத் தாய் அழும் இடம். மெல்ரோய் அவள் குரலைக் கேட்டு மூன்று மாதமாகிறது. வீட்டில் கதைத்த குரலைச் சொல்லவில்லை, பாடுகிற குரலைச் சொல்கிறேன். அவன் அழுதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது கட்டிலோரத்தில் ஸ்பனர் கிடப்பது கண்ணில் பட்டது.

வியாழன் பின்னேரம் இல்லை. வியாழன் இரவு இல்லை. இன்று காலையும் இல்லை. மூன்று தடவை தவறிப்போய்விட்டது.

அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, அடுத்ததை வழமைபோலத் திருப்புங்கள் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் இவன் மெக்கானிக். வேலை நிலுவையில் நின்றால் கை சும்மா இருக்காது. போதாக்குறைக்கு மனைவிமேல் பாசம் வேறு. மறந்தது தெரிந்தால் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நாள் முழுக்க அழுவாள். மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் திருப்பவேண்டும் என்று வழிபாட்டை விட்டுவிட்டு ஓடி வருவாள். அதைவிட, தவறிய மூன்றையும் இன்றைய இரண்டையும் இப்போதே முடித்துவிட்டால் அவள் நிம்மதியாக முழங்காலில் நிற்கலாமே!

ஐந்து கால்வாசி. எஞ்சினில் ஒரு நட்டை ஐந்து தரமாகத் திருப்பினாலும் ஒன்றுதான், ஒரேயடியாக ஒன்றேகால் சுற்றுத் திருப்பினாலும் ஒன்றுதான். எலும்பு எஞ்சின் இல்லை என்பது மூன்று மாதமாக அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்ன விஷயம். பின்பக்க நட்டுகளுக்கு சுதர்ஷிகாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நாலையும் திருப்பி முடித்தான்.

முதலில் உயிர் போகிற நோவு. அரை மணி நேரத்தில் நோவு கொஞ்சம் அடங்கியது, அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் பார்த்தான், இடது காலின் விரல்களைக் காணவில்லை. கண்ணுக்குத் தெரிகின்றன, கிள்ளினால் தெரியவில்லை. மேலே தூக்கப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

கோவிலில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பற்றிக் மணிக்கூண்டுக்குக் கீழே போய் நின்றார். கை தானாகக் கயிற்றுக்கு எழுந்தது. எழுந்த கை அப்படியே நின்றது.

"ஐயோ" என்றார் சத்தமாக.

நேற்றுப் பின்னேரம் திருந்தாதி அடிக்கவில்லை. இன்று காலை அடிக்கவில்லை. இருவரும் அறிவுள்ள பிள்ளைகள், மணிக்கூட்டைப் பார்த்துத் திருப்பியிருப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. திருப்பாமல் விட்டிருந்தால் என்று மறுமனம் கேட்டது. மணியை அடிக்க முடியாது, அது பாவம். மணிக்குப் பதிலாக இந்த நாட்களில் பூசையில் தட்டுகிற மரத்தட்டி பீடத்தடியில் கிடந்தது. அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கத் தொடங்கினார். அறுபத்துநாலு வயதில் அதை ஓட்டம் என்றும் சொல்லலாம்.

மகள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று தட்டியை மூன்று தரம் தட்டினார்.

"மெல்ரோய் தம்பி! பன்ரெண்டு மணி!"

படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இன்னும் மூன்று தரம் தட்டினார்.

"மாமா, உள்ள வாங்கோ." குரல் ஈனமாக வந்தது.

"வேண்டாம் தம்பி. பிள்ளை வரவேண்டாம் எண்டு சொன்னது. நான் இதிலயே நிக்கிறன்."

"மாமா, எனக்குக் கால்விரல் தெரியேல்ல."

பற்றிக் செருப்பைக் கழற்றினார். மூன்று மாதமாக மிதிக்காத படியைத் தாண்டி உள்ளே போனார்.

மெல்ரோய் வியர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தான். நடந்ததைச் சொன்னான். "சுதாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றும் சொன்னான். பற்றிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர்க் கலண்டரில் சுதர்ஷிகா பெரிதாக எழுதி வைத்திருந்த இலக்கத்தைத் தன் பட்டன் போனில் ஒவ்வொன்றாக அமத்தினார். அது றிஷானா என்ற தாதியின் இலக்கம். குறிஞ்சாக்கேணிப் பெண், எலும்பு வார்டில் மெல்ரோயைப் பார்த்துக்கொண்டவள்.

"மிஸ், நான் மெல்ரோயின்ர மாமா கதைக்கிறன். காலில கூடு போட்ட..."

"ஆ, மெல்ரோயா! சொல்லுங்க ஐயா. என்ன நடந்த?"

"அளவுக்குக் கூடத் திருப்பிப்போட்டார் மிஸ். அஞ்சு தரம்."

"அஞ்சா? ஒரேயடியாவா? அல்லாஹ்வே! கால் சூடா இருக்கா, குளிரா இருக்கா? தொட்டுப் பாருங்க."

பற்றிக் அந்தப் பாதத்தைத் தொட்டார். விபத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "சூடாத்தான் இருக்கு."

"விரல் நீலமாகலத்தானே?"

"இல்லை."

"பெருவிரல மேல தூக்கச் சொல்லுங்க."

மெல்ரோய் கண்ணை மூடி முயன்றான். பற்றிக் விரலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். "ஏலாது மிஸ்" என்றார்.

"நான் டொக்டரிட்ட கேட்டுட்டு எடுக்கிறன். அதுவரைக்கும் நட்டுல ஒருத்தரும் கை வைக்காதீங்க."

ஆறு நிமிடத்தில் போன் வந்தது. "ஐயா, மூணு கால்வாசி பின்னுக்கு எடுக்கச் சொல்றாரு. ஒரேயடியா இல்ல. நாலு நட்டுலயும் ஒவ்வொரு கால்வாசி, பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. நரம்பு இழுபட்டிருக்கு, தளர்த்திவிட்டா வரணும். நாலு மணிக்குள்ள பெருவிரல்ல உணர்ச்சி வரல்லண்டா உடனே கொண்டு வாங்க. வந்தாலும் நாளைக் காலையில ஏழு மணிக்கு எக்ஸ்ரேக்குக் கட்டாயம் வரணும்."

"வராமலே போனா மிஸ்?"

"பாதம் தொங்கிப் போயிரும் ஐயா. இப்ப அந்தக் கதை வேணாம். ஸ்பனர எடுங்க."

ஆடுகிற படகில் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்து மறுகையால் வேலை செய்கிறவனுக்கு, கால்விரல்தான் மூன்றாவது கை. பாதம் தொங்கினால் அவனுக்குக் கடல் இல்லை. அறையில் இருந்த இருவருக்கும் இது தெரியும்.

"நீங்களே திருப்புங்கோ தம்பி. எனக்குக் கை நடுங்குது."

மெல்ரோய் தன் கையை நீட்டிக் காட்டினான். அது இன்னும் மோசமாக நடுங்கியது.

"குறைய நடுங்கிறவர் திருப்பட்டும்" என்றான்.

பற்றிக் கட்டிலடியில் முழங்காலில் நின்றார். ஒவ்வொரு நட்டின் ஒரு முகத்திலும் சுதர்ஷிகா சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். கால்வாசிச் சுற்று எது என்று அதைப் பார்த்துத்தான் கணக்கு.

"பொட்டு இப்ப யன்னல் பக்கம் நிக்குது மாமா. உங்கட பக்கம் கொண்டு வாங்கோ. மெல்ல."

"இப்பிடியோ?"

"மற்றப் பக்கம்! அது முன்னுக்குப் போறது!"

"இயேசுவே!" பற்றிக் ஸ்பனரைக் கையிலிருந்து விட்டார். நெற்றியில் குருசு அடையாளம் போட்டார். மறுபடி எடுத்துப் பிடித்து, சரியான பக்கம், ஒரு கால்வாசி திருப்பினார். பிறகு அடுத்த நட். பிறகு பின்பக்க நட்டுகளுக்காகத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு அவர் குனிந்தபோதுதான் சுதர்ஷிகா வந்தாள். மூன்று மணிக்கு முன் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். வாசலில் தகப்பனின் செருப்பைக் கண்டாள். உள்ளே, கணவனின் காலடியில் ஸ்பனரும் கையுமாகத் தகப்பனைக் கண்டாள்.

"விடுங்கோ! திருப்பியும் அவற்ற காலிலயா கை வைக்கிறீங்கள்? பட்டது காணாதா?"

பற்றிக் ஸ்பனரை நட்டிலிருந்து எடுத்தார். பேச அவருக்கு உரிமை இல்லை என்று அவரே தீர்மானித்து மூன்று மாதமாகிறது.

"சுதா, நான்தான்" என்றான் மெல்ரோய். "நான்தான் பிழை விட்டனான். மாமா இல்லாட்டி நான் இப்பவும் ஒருத்தருக்கும் சொல்லாமக் கிடந்திருப்பன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நானெல்லோ மறந்தது! பன்ரெண்டு துளையையும் துடைச்சன். அடுப்பைப் பாத்தன், குழாயைப் பாத்தன். இதைப் பாக்கேல்லயே! நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் பாடிக்கொண்டெல்லோ போனனீர்" என்றான் மெல்ரோய். "எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்டனான். அதை நிப்பாட்ட மனம் வரேல்ல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன்மேல் கோபம், தன்மேல் கோபம், அவன்மேல் சொல்ல முடியாத ஆசை. எல்லாம் ஒன்றாக வந்தால் மனிசி என்னதான் செய்வாள்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். பற்றிக் எழும்ப முயன்று ஸ்பனரை நீட்டினார்.

"இந்தா பிள்ளை. நீயே செய்."

சுதர்ஷிகா அதைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"எத்தனையாவது நட்டில நிக்கிறீங்கள்?"

"ரெண்டாம் தரம், மூண்டாவது நட்."

"நடுவில ஆள் மாறினாக் கணக்குப் பிழைக்கும். நீங்களே முடியுங்கோ."

அவள் சொன்னது கணக்குத்தான். ஆனால் பற்றிக்கின் கண் கலங்கிப் பொட்டுத் தெரியாமல் போனது. சேட்டுக் கையால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, அவர் திருப்பத் திருப்ப ஒவ்வொரு பொட்டையும் சரிபார்த்தாள்.

மூன்றாம் தடவையும் முடிந்தபோது ஒரு மணியாகிவிட்டது. இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சுதர்ஷிகா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி வந்தாள். மெல்ரோய் கண்ணை மூட வேண்டும், அவள் விரலைத் தொடுவாள், தொடும்போது அவன் சொல்ல வேண்டும்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை."

ஒன்றரைக்கும் அதே. இரண்டு மணிக்கு, "இப்ப?" என்றாள்.

"ஓம். கொஞ்சம் தெரியுது."

சுதர்ஷிகா ஈர்க்கைக் கீழே வைத்தாள். "நான் தொடவே இல்லை" என்றாள் மெதுவாக. "என்னைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லாதேங்கோ. இண்டைக்கு அதாலதானே இவ்வளவும்."

மெல்ரோய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"நாளைக் காலம ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது?"

"வான் ஒண்டு பிடிப்பம்."

"பெரிய சனியில ஆர் வான் ஓடுவான்? மாமா ஓட்டோவைக் கொண்டுவரட்டும்."

ஓட்டோவைத் திருத்திக் கொண்டுவந்து இரண்டு மாதம். அது பற்றிக்கின் வீட்டுக் கொட்டிலில் படங்குத் துணியால் மூடிக் கிடக்கிறது. அந்த மனிதர் அதன் சாவியை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டு, இனித் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டது சுதர்ஷிகாவுக்கும் தெரியும். அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வை தரையில் இருந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஃபாதர்.

"ஓம் ஃபாதர். தட்டி என்னட்டத்தான் இருக்கு ஃபாதர். இல்லை, களவெடுக்கேல்ல, அவசரத்தில... இண்டைக்கு நான் வரமாட்டன் ஃபாதர். முப்பது வருசத்தில முதல் தரம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கதிரையில தட்டிச் சமாளியுங்கோ."

மெல்ரோய் சுவர்ப்பக்கமாகவே சிரித்துவிட்டான். சுதர்ஷிகாவுக்கும் உதடு துடித்தது. "நீங்கள் போங்கோ அப்பா, நான் இருக்கிறன்" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான் இஞ்சயே இருக்கிறன். நீ போ எண்டு சொன்னாலும் நாலு மணி மட்டும் போகமாட்டன்."

அவள் மறுபடி போகச் சொல்லவில்லை. வைத்திருந்த கஞ்சியை மூன்று கோப்பையில் ஊற்றினாள். ஒருவரும் குடிக்கவில்லை.

மூன்று மணி. மூன்றே கால். ஈர்க்கு. இல்லை. மூன்றரை. இல்லை. சுதர்ஷிகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய கிளினிக் புத்தகத்தையும் எக்ஸ்ரே உறையையும் எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு சாரம், ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல். கை தன்பாட்டில் அடுக்கியது. வாய் செபித்தது. ஆண்டவரே, கால் கட்டையாகப் போனாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு வருசம் கூட்டோடு கிடந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாதத்தை மட்டும் எடுத்துவிடாதேயும்.

கோவில் பக்கமிருந்து பாட்டு வந்தது. சனம் வரிசையாகப் போய்ச் சிலுவைக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்கிற நேரம். வெயிலோடு சேர்ந்து அந்தப் பாட்டு ஒழுங்கைக்குள் இறங்கியது. அந்த நேரத்தில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, ஒவ்வொருவர் முத்தி செய்தபின்னும் துணியால் துடைக்கிறது பற்றிக்கின் வேலை. கடைசியில் எல்லோரும் போனபின் அவர் தனியே முத்தி செய்வார்.

நாலுக்கு இருபது நிமிடம். மெல்ரோய் கண்ணின்மேல் கையைக் குறுக்கே போட்டுக்கொண்டு கிடந்தான். நித்திரை இல்லை. சுதர்ஷிகா மேசைப் பக்கம் திரும்பி நின்றாள்.

கட்டிலடியில் இருந்த பற்றிக் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். வளையங்களுக்குக் கீழே, துளை இல்லாத, கம்பி இல்லாத அந்தப் பாதம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. மூன்று மாதமாக அவர் சொல்ல நினைத்த மன்னிப்பு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. இப்போதும் வரவில்லை. அவர் குனிந்தார். மருமகனின் பாதத்தைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, விரல்களில் முகத்தை வைத்து முத்தி செய்தார். எடுக்க மனம் வராமல் அப்படியே இருந்தார்.

"மாமா" என்றான் மெல்ரோய், கண்ணைத் திறக்காமல். "தாடி குத்துது."

சுதர்ஷிகாவின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் தரையில் விழுந்தது.

"என்ன சொன்னனீங்கள்?"

"மாமாவின்ர தாடி. குத்துது."

"எதில? எந்த இடத்தில?"

மெல்ரோய் கையைக் கண்ணிலிருந்து எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கே விளங்கியது.

"பெருவிரலில" என்றான். "சுதா, பெருவிரலில."

பற்றிக் வெட்கத்தோடு தலையை நிமிர்த்தினார். "குறை நினையாதேங்கோ தம்பி. தவக்காலம் எண்டு சவரம் செய்யேல்ல" என்று ஏதோ பெரிய குற்றம் செய்தவர்போலச் சொல்லிக்கொண்டு பாதத்தைக் கட்டிலில் வைக்கப் போனார்.

சுதர்ஷிகா ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. தகப்பனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து மறுபடியும் அந்தப் பாதத்துக்கே குனிய வைத்தாள்.

"விடாதேங்கோ அப்பா! மற்ற விரலுகளையும் கொஞ்சுங்கோ!"